கயாக்கும் கடற்காடும்

நுழையும்முன்

கரையில் நின்று காண்பவர்க்குக் கடல் ஒரே நீர்ப்பரப்பு. கடலில் தொழில் செய்பவர்க்கோ அது பல நிலங்களின் தொகுதி. அலை உடையும் மணற்கரை ஒன்று. பாறையும் பாசியும் செறிந்த இடம் மற்றொன்று. அதற்கப்பால் அடி காணாத ஆழம் வேறொன்று. கலிபோர்னியாக் கரையில் கயாக் என்னும் சிறுபடகில் சென்று தூண்டிலிடுவோர், ஒரே காலைப்பொழுதில் இந்நிலங்களின் ஊடே சென்று திரும்புகின்றனர். அவர்கள் அஞ்சுவது எதற்கு, அஞ்சவேண்டியது எதற்கு என்பதையும், அவர்கள் நம்பியிருக்கும் கடற்காட்டின் வரலாற்றையும் இவ்வுரைநடைப் பகுதி விளக்குகிறது.

குளிரே செல்வம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், மான்டரே விரிகுடா பிறைநிலவுபோல் வளைந்து கிடக்கிறது. விரிகுடாவின் நடுவே, மாஸ் லேண்டிங் என்னும் சிற்றூரின் கரையை ஒட்டியே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. மேற்கு நோக்கி இறங்கும் அப்பள்ளத்தாக்கு மூன்று கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தை எட்டுகிறது. இளவேனிலிலும் கோடையிலும் வடமேற்கிலிருந்து வீசும் காற்று, கரையோரத்து மேல்நீரைக் கடலின் உட்புறம் விலக்கிவிடுகிறது. விலகிய நீரின் இடத்தை நிரப்ப, ஆழத்திலிருந்து குளிர்நீர் மேலெழுகிறது. மடிந்த உயிர்கள் ஆழத்தில் மட்கிச் சேர்ந்த நைட்ரேட் முதலிய சத்துகளையும் அந்நீர் சுமந்து வருகிறது.

இதனால் கோடையிலும் இங்குக் கடல்நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 10 முதல் 15 செல்சியஸ் பாகைக்குள் நிற்கும். சென்னைக் கடலில் கால் நனைத்துப் பழகியவர்க்கு இது பனிக்கட்டி கரைந்த நீராகவே தோன்றும். ஆயினும் அக்குளிரே இக்கடலின் செல்வம். நெத்தலியும் மத்தியும் கூட்டமாகத் திரள்வதும், அவற்றைத் தேடித் திமிங்கிலமும் கடற்சிங்கமும் வருவதும், பாறைகளின்மேல் பாசிகள் மரம்போல் ஓங்குவதும் அதனாலேயே. 1992ஆம் ஆண்டு இப்பகுதி தேசியக் கடல் புகலிடமாக அறிவிக்கப்பட்டது.

விரிகுடாவுக்குத் தெற்கே பிக் சர் என்னும் மலைப்பாங்கான கரை நீள்கிறது. அங்கே துறைமுகங்கள் இல்லை. விசைப்படகை நீரில் இறக்குவதற்கு ஏற்ற சரிவுத்தளங்களும் அரிது. மணற்கரையும் அதன்மேல் வந்து உடையும் அலையுமே அங்குள்ள வாயில். அவ்வாயிலின் வழியே கடலுக்குள் செல்வதற்குச் சிறிய, எடை குறைந்த, அலையில் மூழ்காத கலம் ஒன்று வேண்டும். அதுவே கயாக்.

தோற்படகும் கட்டுமரமும்

கயாக் என்பது வடதுருவத்தை ஒட்டி வாழும் இனுயிட் மக்களின் சொல். மரங்கள் வளராத அந்நிலத்தில், ஆறுகள் அடித்துவந்து கடல் கரையில் ஒதுக்கிய மரத்துண்டுகளையும் திமிங்கில எலும்பையும் கொண்டு சட்டம் அமைத்து, அதன்மீது கடல்நாயின் தோலை இழுத்துத் தைத்து அவர்கள் இக்கலத்தை உருவாக்கினர். அமர்வதற்கு மேற்புறத்தில் ஒரு வட்டத்துளை மட்டும் உண்டு. விலங்குகளின் குடலால் தைக்கப்பட்ட நீர்புகா மேலாடையை அணிந்து, அதன் கீழ்விளிம்பை அத்துளையின் வாயில் இறுக்கிக் கட்டிக்கொள்வர். அவ்வாறு கட்டியபின் மனிதனும் படகும் ஓருடல். அலாஸ்காவை அடுத்த அலூஷியன் தீவுகளின் உனாங்கன் மக்களும், அண்டையில் வாழும் அலூட்டிக் மக்களும் இக்கலையில் தேர்ந்தவர்கள். இவர்களைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேசவேண்டியிருக்கிறது.

இன்று கலிபோர்னியாவில் தூண்டில்காரர்கள் பயன்படுத்தும் கயாக் தோலால் ஆனதன்று. பாலிஎத்திலீன் என்னும் நெகிழியால் வார்க்கப்பட்டது. நீளம் நான்கு மீட்டரைச் சுற்றி இருக்கும். இதில் அமர்வதற்குத் துளை இல்லை. காற்றடைத்த மூடிய கூட்டின் மேற்பரப்பிலேயே துடுப்புக்காரர் அமர்கிறார். மேற்பரப்பிலிருந்து அடிப்புறம்வரை சில வடிதுளைகள் ஊடுருவிச் செல்கின்றன. அலை ஏறி நீர் நிறைந்தாலும் அது அத்துளைகளின் வழியே தானே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் புரட்டிப்போட்டு மீண்டும் ஏறிக்கொள்ளலாம்.

இந்த அமைப்பைக் காணும் தமிழர் எவருக்கும் கட்டுமரம் நினைவுக்கு வரும். நெகிழி வார்ப்பைப் பற்றி எவரும் கனவிலும் எண்ணாத காலத்தில், மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துச் சோழமண்டலக் கரையின் பரதவர் கண்ட தீர்வும் இதுவே: நீர் தங்குவதற்கு உள்ளிடமே இல்லாத கலத்தை அலை எவ்வாறு மூழ்கடிக்கும்? துறைமுகம் அமைவதற்கு முன், சென்னைக்கு வந்த கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, அலைவாயைக் கடந்து கப்பலுக்கும் கரைக்கும் இடையே கடிதங்களைக் கொண்டு சென்றவை கட்டுமரங்களே. அச்சொல் ஆங்கிலத்தில் புகுந்து, இன்று இரட்டை உடல் கொண்ட கலங்களைக் குறிக்கிறது. சொல் பயணித்த தொலைவைப் பொருள் பயணிக்கவில்லை. ஆனால் அலைவாய்க்கு ஏற்ற கலம் எது என்னும் கேள்விக்கு, தொடர்பற்ற இரு கரைகள் ஒரே விடையை எட்டியிருப்பது எண்ணத்தக்கது.

அலைவாய்

கயாக்கில் மீன்பிடிப்போர் பெரும்பாலும் சூரியன் எழும் வேளையில் கரைக்கு வருகின்றனர். பிற்பகலில் காற்று வலுத்துக் கடல் கொந்தளிக்கும் என்பதால், நண்பகலுக்குள் திரும்பிவிடுவதே வழக்கம். வந்தவுடன் அவர்கள் படகை நீரில் தள்ளுவதில்லை. பதினைந்து இருபது நிமிடங்கள் கரையில் நின்று கடலைப் பார்க்கின்றனர். புதியவர்க்கு வீணாகத் தோன்றும் இந்நேரமே அன்றைய பொழுதின் மிகப் பயனுள்ள பகுதி எனலாம்.

அலைகள் ஒரே சீராக வருவதில்லை. பெரிய அலைகள் சில தொகுதியாக வரும். பின்னர்ச் சிறிது நேரம் கடல் தணியும். அடுத்தடுத்த இரண்டு அலை முகடுகளுக்கு இடையேயான நேரத்தையும் கணக்கிடுவர். எட்டு நொடிக்கு ஒன்றாக வரும் அலை அருகில் வீசிய காற்றால் எழுந்தது. பதினாறு நொடிக்கு ஒன்றாக வரும் அலையோ தொலைவில், குளிர்காலமாயின் பெரும்பாலும் அலாஸ்கா வளைகுடாப் பக்கம் வீசிய புயலில் பிறந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்தது. ஆழ்கடலில் இரண்டும் ஒரே உயரம் காட்டினாலும், கரையை நெருங்கும்போது பின்னது மேலும் ஓங்கி எழும். அதன் ஆற்றலும் மிகுதி.

அலை எங்கே உடையும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. அலையின் உயரத்தைப்போல் 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்தை எட்டும்போது அது நிலைகுலைந்து மடிகிறது. ஒரு மீட்டர் உயர அலை இடுப்பைச் சற்றுக் கடந்த ஆழத்தில் உடையும். இரண்டு மீட்டர் அலை தலைக்குமேல் ஆழமுள்ள இடத்திலேயே உடையும். ஒரு கனமீட்டர் கடல்நீரின் நிறை ஆயிரம் கிலோகிராமுக்கும் மேல் என்பதை இயற்பியல் பயில்வோர் அறிவர். அந்நிறை ஒரு நெகிழிக் கூட்டின்மீது விழும்போது என்னவாகும் என்பதை எண்ணிப் பார்த்தால், கரையில் நின்று காத்திருப்பதன் பொருள் விளங்கும்.

கடல் தணியும் இடைவேளையில் படகின் முகத்தை அலைக்கு நேராக வைத்து, தயங்காமல் துடுப்பிட்டு அலைவாயைக் கடக்கவேண்டும். கரையில் குவியும் நீர் மீண்டும் கடலுக்குப் பாயும் இழுவை நீரோட்டம் நீந்துவோரின் பகை. துடுப்பிடுவோர்க்கோ அது வெளிச்செல்லும் வழி. அவ்விடத்தில் அலையும் குறைவாகவே உடையும். திரும்புகையில்தான் விபத்துகள் மிகுதி. பின்னாலிருந்து வரும் அலை படகின் பின்புறத்தைத் தூக்க, முகம் பக்கவாட்டில் திரும்பிப் படகு அலைக்குக் குறுக்காகக் கிடந்து உருளும். அவ்வேளையில் உடலை அலையின் பக்கமே சாய்த்துத் துடுப்பை அதன்மேல் ஊன்றவேண்டும். அஞ்சிக் கரைப்பக்கம் சாய்ந்தால் கவிழ்வது உறுதி. கவிழ்ந்தபின் படகுக்கும் கரைக்கும் இடையில் நிற்பதோ அதனினும் கொடிது. அடுத்த அலை, நீர் சுமந்த படகை நிற்பவர்மீது எறிந்துவிடும். தேர்ந்தவர்கள் அலைவாயைக் கடக்குமுன் தூண்டிற்கோல்களை மடக்கிப் படகின் உட்புறத்தில் அடைத்து மூடி, கவிழப்போகிறோம் என்றே எண்ணி எல்லாவற்றையும் கட்டிவைக்கின்றனர்.

நீருக்கடியில் ஒரு காடு

அலைவாயைக் கடந்து சில நூறு மீட்டர் சென்றால், நீர்ப்பரப்பில் பழுப்புப் பொன்னிற இலைகள் படர்ந்து மிதப்பதைக் காணலாம். அதுவே கெல்ப் காட்டின் உச்சி. கெல்ப் என்பது மரமன்று, செடியுமன்று. அது பழுப்புப் பாசியினம். அதற்கு வேர் இல்லை. பாறையை விரல்களால் பற்றுவதுபோன்ற பற்றுறுப்பு ஒன்று அடியில் உண்டு. அது பிடித்துக்கொள்வதற்கே அன்றிச் சத்தை உறிஞ்சுவதற்கன்று. சத்தையும் ஒளியையும் அதன் இலையுறுப்புகளே நேராகப் பெறுகின்றன. இலையுறுப்பு ஒவ்வொன்றின் அடியிலும் காற்று நிறைந்த சிறு குமிழ் இருந்து தண்டை மேல்நோக்கித் தூக்கி நிறுத்துகிறது. மான்டரேயில் மிகுந்து வளரும் பெருங்கெல்ப் முப்பது மீட்டருக்கும் மேல் நீளும். ஏற்ற சூழலில் ஒரே நாளில் அரை மீட்டர்வரை வளர வல்லது. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே காணப்படுவது காளைக் கெல்ப். ஒற்றைத் தண்டின் உச்சியில் பெரிய குமிழ் ஒன்றைத் தாங்கி, ஒரே ஆண்டுக்குள் முளைத்து, உயர்ந்து, வித்து உதிர்த்துக் குளிர்காலப் புயலில் அறுபட்டு மறைவது அதன் இயல்பு.

காடு என்னும் சொல் இங்கு உவமை மட்டுமன்று. அடித்தளத்தில் நண்டும் நத்தையும் நட்சத்திர மீனும். நடுவில் தண்டுகளிடையே பாறைமீன்களின் கூட்டம். உச்சியில் இலைகளின் நிழலில் குஞ்சு மீன்கள். உச்சிக்கும் மேலே, கெல்ப் இழையை உடலில் சுற்றிக்கொண்டு மல்லாந்து உறங்கும் கடல் நீர்நாய். அடுக்கடுக்காக உயிர்கள் வாழும் முறையில் இது மழைக்காட்டை ஒத்தது. தூண்டில்காரர்க்கு வேறொரு நன்மையும் உண்டு. காற்றால் எழும் சிற்றலைகளை இலைப்பரப்பு அடக்கிவிடுவதால், காட்டின் விளிம்பில் நீர் தணிந்திருக்கும். நங்கூரம் தேவையில்லை. இரண்டு மூன்று கெல்ப் தண்டுகளைப் பிடித்துப் படகின் குறுக்கே இட்டுக்கொண்டால் படகு நின்றுவிடும். நீர்நாயிடம் கற்ற உத்தி எனலாம். இங்கே நீரில் விழுந்தவர் கைகால்களை உதறினால் தண்டுகள் சுற்றிக்கொள்ளும். மேற்பரப்பில் குப்புறப் படுத்து, இலைகளை ஒவ்வொன்றாக அடியில் தள்ளி ஊர்ந்து வருவதே மீளும் வழி.

தூண்டிலும் காற்றுப்பையும்

ஈயக் குண்டு கட்டிய தூண்டில் அடிப்பாறையைத் தொட்டவுடன், அதைச் சற்றே மேலே தூக்கி ஆட்டுவர். சிக்குபவற்றுள் பெரியது லிங்காட். பல்வரிசை நிறைந்த அகன்ற வாயுடைய இம்மீனில் சிலவற்றின் தசை நீலப்பச்சை நிறமாக இருக்கும், சமைத்தால் வெளுத்துவிடும். இதன் ஆண்மீன் குளிர்காலத்தில் பாறையிடுக்கில் இடப்பட்ட முட்டைகளை அருகிலிருந்து காக்கிறது. கேபசான் என்னும் மற்றொரு மீனின் தசை சுவையானது. அதன் முட்டையோ நஞ்சு. அறியாமல் உண்டவர் கடுமையாக நோயுறுவர். மணற்பகுதியில் ஹாலிபட் என்னும் தட்டைமீன் கிடைக்கும்.

ஆனால் கெல்ப் காட்டின் குடிகள் எனத்தக்கவை பாறைமீன்களே. இவை குஞ்சு பொரித்து ஈனும் இனம். மெல்ல வளர்ந்து, காலந்தாழ்த்தி இனம்பெருக்கி, நெடுங்காலம் வாழ்பவை. இவற்றுள் ஆழ்நீரில் வாழும் சில இனங்கள் நூறு ஆண்டுகளையும் கடந்து வாழ்கின்றன. ஒருவர் உணவுக்காகத் தூக்கும் மீன், அவருடைய பாட்டனார் பிறக்குமுன்பே பிறந்ததாக இருக்கலாம். இத்தகைய மீனை மிகுதியாகப் பிடித்தால் இழப்பை ஈடுசெய்யப் பல பத்தாண்டுகள் ஆகும். 2000ஆம் ஆண்டில் மேற்குக் கரையின் அடித்தள மீன்வளம் வீழ்ச்சியுற்று, அமெரிக்க அரசு அதனைப் பேரிடராகவே அறிவிக்க நேர்ந்தது. கடும் கட்டுப்பாடுகளுக்குப்பின் சில இனங்கள் மீண்டுள்ளன.

பாறைமீனிடம் மற்றொரு சிக்கலும் உண்டு. நீரில் மிதக்க உதவும் அதன் காற்றுப்பை மூடியது. விரைந்து காற்றை வெளியேற்ற வழியில்லை. முப்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு வளிமண்டல அளவு. அங்கிருந்து மேற்பரப்புக்கு இழுக்கப்பட்டால், பாயிலின் விதிப்படி பையிலுள்ள காற்றின் கனவளவு நான்கு மடங்காக விரியும். மீனின் வயிற்றுப்பகுதி வாய்வழியே பிதுங்கும்; கண்கள் வெளித்தள்ளும். அளவிற் சிறியது என்று நல்லெண்ணத்துடன் நீரில் விட்டாலும் அது கீழே செல்ல இயலாமல் மிதந்து, கடற்பறவைக்கு இரையாகும். ஆகவே எடை கட்டிய கவ்வி ஒன்றால் மீனின் தாடையைப் பிடித்து மீண்டும் ஆழத்துக்கு இறக்கி விடுவிக்கின்றனர். அழுத்தம் கூடியதும் காற்று சுருங்கி மீன் நிலைபெறுகிறது. இவ்வாறு விடப்பட்டவற்றுள் பல பிழைக்கின்றன. பிடிப்பதற்கு ஓர் உத்தி போதும். விடுவதற்கு அறிவியல் வேண்டியிருக்கிறது.

குளிரும் சுறாவும்

கயாக்கில் செல்வோரிடம் கரையில் இருப்போர் முதலில் கேட்பது சுறாவைப் பற்றியே. கேள்வி பொருளற்றதன்று. முழு வளர்ச்சி பெற்ற பெருவெள்ளைச் சுறா நான்கு முதல் ஐந்து மீட்டர் நீளமிருக்கும், கயாக்கைவிட நீளமானது. மான்டரே விரிகுடாவுக்கு வடக்கே ஆன்யோ நுவேவோ என்னுமிடத்தில் யானைக் கடல்நாய்கள் ஆயிரக்கணக்கில் கரையேறுகின்றன. அவற்றை நாடி, கோடையின் இறுதியிலிருந்து குளிர்காலம்வரை பெரிய சுறாக்கள் கரையோரத்தில் உலவுகின்றன. பின்னர் அவை ஹவாய்த் தீவுகளுக்கும் மெக்சிகோவுக்கும் இடைப்பட்ட நடுக்கடலுக்குச் செல்கின்றன. அவை இரையைக் கீழிருந்தே தாக்குகின்றன. மேலே நீர்ப்பரப்பில் தெரியும் நிழலுருவமே அவற்றுக்குக் குறி. கயாக்கின் அடிப்புறத்தைச் சுறா கவ்விய நிகழ்வுகள் கலிபோர்னியாவில் பதிவாகியுள்ளன. 1989ஆம் ஆண்டு மாலிபு கரைக்கு அப்பால் கயாக்கில் சென்ற இருவர் உயிரிழந்ததும் உண்டு.

ஆயினும் அச்சத்தை அளந்து பார்க்கவேண்டும். 1950 முதல் கலிபோர்னியா முழுவதிலும் சுறாவால் நேர்ந்த உயிரிழப்புகள் இருபதுக்கும் குறைவே. இத்தனை பத்தாண்டுகளில் அக்கடலில் இறங்கியவர்களின் எண்ணிக்கையோ கோடிக்கணக்கில் அமையும். லாங் பீச்சிலுள்ள கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிரோன்களைப் பறக்கவிட்டுத் தென்கலிபோர்னியக் கரையைப் படம்பிடித்தபோது, இளம் வெள்ளைச் சுறாக்கள் கூடும் இடங்களில் அவை நீந்துவோர்க்கும் அலைச்சறுக்குவோர்க்கும் மிக அருகே, பெரும்பாலும் ஒவ்வொரு நாளும், எவரையும் தீண்டாது உலவுவது புலனாயிற்று. கீழே சுறா இருந்ததை மேலே இருந்தவர்கள் அறியவே இல்லை. 1975இல் வெளிவந்த 'ஜாஸ்' திரைப்படம் உலகெங்கும் பரப்பிய சுறா அச்சத்தை நினைந்து, அதன் மூலநாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி பிற்காலத்தில் கடலுயிர்ப் பாதுகாப்புக்காகப் பேசிவந்தார் என்பதும் நினைக்கத்தக்கது. 1994 முதல் கலிபோர்னியாவில் வெள்ளைச் சுறா சட்டத்தால் காக்கப்படும் உயிரினம்.

உண்மையில் உயிரைப் பறிக்க வல்லது நீரின் குளிர். பத்துப் பாகை நீரில் திடீரென விழுந்தவர் தம்மையறியாமல் மூச்சை இழுப்பார். அப்போது முகம் நீருக்குள் இருந்தால் அதுவே முடிவு. அதைக் கடந்தாலும் பத்து நிமிடங்களுக்குள் விரல்களின் பிடி தளர்ந்து, கவிழ்ந்த படகின்மேல் ஏறும் வலிமை குன்றும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் இதற்கு விலக்கல்லர். எனவேதான் மிதவைச் சட்டையும், உடலோடு ஒட்டிய ரப்பர் உடையும், நீர்புகாத வானொலிக் கருவியும் இன்றி எவரும் புறப்படக்கூடாது என அங்குள்ள மூத்த தூண்டில்காரர்கள் வற்புறுத்துகின்றனர். சுறாவின் பல் கண்முன் நிற்கிறது. குளிருக்கோ உருவம் இல்லை. மனிதன் உருவமுள்ளதற்கே அஞ்சுகிறான்.

சுறாவைக் குறித்த நடைமுறை எச்சரிக்கைகள் எளியவை. பிடித்த மீனைக் கயிற்றில் கோத்து நீரில் தொங்கவிடாமல் பனிக்கட்டி இட்ட பையில் வைத்தல். கடல்நாய்கள் கூடும் பாறைகளை விலகிச் செல்லல். சுறா தென்பட்டால் கைகால்களை நீரிலிருந்து எடுத்து, துணைப்படகுகளோடு சேர்ந்து பதற்றமின்றிக் கரைக்குத் திரும்பல். கெல்ப் காட்டுக்குள் சுறா நுழையாது என்னும் நம்பிக்கையும் அவர்களிடையே உண்டு. அது முழு உண்மையன்று. தென்னாப்பிரிக்கக் கரையில் சுறாக்களின் உடலில் ஒளிப்படக் கருவியைப் பொருத்தி ஆராய்ந்தபோது, அவை கெல்ப் தண்டுகளை விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்து கடல்நாய்களைத் துரத்துவது பதிவாயிற்று. எனினும் நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. அதை மெய்ப்பிப்பவை கலிபோர்னியாவின் கடல் நீர்நாய்கள்.

நீர்நாயின் வரலாறு

கடற்பாலூட்டிகள் பலவற்றுக்கும் குளிரைத் தாங்கத் தோலுக்கடியில் கொழுப்புப் போர்வை உண்டு. கடல் நீர்நாய்க்கு அது இல்லை. மாறாக, ஒரு சதுர அங்குலத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் மயிர்கள் வரை செறிந்த உரோமம் அதற்கு உண்டு. உயிரினங்களுள் இதனினும் அடர்ந்த உரோமம் வேறெதற்கும் இல்லை. உடல் வெப்பத்தைக் காக்க நாள்தோறும் தன் எடையில் கால்பங்கு உணவையும் அது உண்டாகவேண்டும். கடல் முள்ளெலி, நண்டு, சிப்பி ஆகியவை அதன் உணவு. மார்பின்மேல் கல்லை வைத்து அதில் சிப்பியை மோதி உடைத்து உண்ணும் காட்சியைக் கயாக்கிலிருந்து எளிதாகக் காணலாம்.

அந்த உரோமமே அதற்குக் கேடாயிற்று. 1742ஆம் ஆண்டு பெரிங்கின் ரஷ்யக் கடற்பயணத்தார் வட பசிபிக்கிலிருந்து நீர்நாய்த் தோல்களைக் கொண்டு திரும்பினர். சீனச் சந்தையில் அதற்குக் கிடைத்த விலை வணிகர்களை ஈர்த்தது. ஆனால் விரைந்து மூழ்கும் நீர்நாயைப் பெரிய கப்பலிலிருந்து வேட்டையாட இயலாது. ஓசையின்றி நெருங்கும் கயாக்கும், அதிலிருந்து ஈட்டி எறியும் கையும் வேண்டும். எனவே உனாங்கன், அலூட்டிக் ஆடவரை ரஷ்யர் வன்முறையாலும் பிணை பிடித்தும் வேட்டைக்கு உட்படுத்தினர். வடக்கே நீர்நாய் அருகியபோது, அவ்வேட்டைக்காரர்களையும் அவர்தம் தோற்படகுகளையும் கப்பலில் ஏற்றிக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்தனர். 1812இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ரஷ்யர் நிறுவிய ராஸ் கோட்டை இவ்வேட்டையின் தளங்களுள் ஒன்று. 1841இல் அது விற்கப்பட்டபோது அக்கரையில் வேட்டையாட நீர்நாய் ஏறத்தாழ எஞ்சவில்லை. இன்று கெல்ப் காட்டின்மேல் ஓய்வுக்காக மிதக்கும் கயாக், அன்று அக்காட்டின் காவலனை அழிக்கும் கருவியாக அங்கே வந்து சேர்ந்தது. அதைச் செலுத்தியவரோ தம் விருப்பத்தால் வந்தவரல்லர்.

1911இல் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று நீர்நாய் வேட்டையைத் தடுத்தது. கலிபோர்னியாவில் அவ்வினமே அற்றுப்போயிற்று எனப் பலரும் எண்ணியிருந்த நிலையில், 1938இல் பிக் சர் கரையில் பிக்ஸ்பி ஓடை கடலில் கலக்கும் இடத்துக்கருகே ஏறத்தாழ 50 நீர்நாய்கள் இருப்பது உலகுக்குத் தெரியவந்தது. இன்று கலிபோர்னியாவில் உள்ள சுமார் மூவாயிரமும் அச்சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்கள்.

நீர்நாய் ஏன் காட்டின் காவலன் என்பதை 1974இல் ஜேம்ஸ் எஸ்டிஸ், ஜான் பல்மிசானோ ஆகியோர் அலூஷியன் தீவுகளில் செய்த ஆய்வு விளக்கியது. நீர்நாய் உள்ள தீவுகளைச் சுற்றிக் கெல்ப் ஓங்கியிருந்தது. நீர்நாய் இல்லாத தீவுகளைச் சுற்றிக் கடல் முள்ளெலிகள் பெருகிக் கெல்ப்பை அடியோடு மேய்ந்துவிட்டிருந்தன.

முள்ளெலி மேய்ந்த கரை

கலிபோர்னியாவின் வடபகுதியான சோனோமா, மெண்டோசினோ கரைகளுக்கு நீர்நாய் இன்றுவரை திரும்பவில்லை. அங்கே முள்ளெலியைக் கட்டுக்குள் வைத்திருந்தது சூரியகாந்தி நட்சத்திர மீன். இருபதுக்கும் மேற்பட்ட கைகளும் ஏறத்தாழ ஒரு மீட்டர்வரை அகலமும் கொண்ட வேட்டையுயிர் அது. 2013இல் தொடங்கிய நோயொன்று நட்சத்திர மீன்களின் உடலைக் கரைத்து அழித்தது. அந்நோய்க்குக் காரணம் விப்ரியோ இனத்தைச் சார்ந்த ஒரு பாக்டீரியா என்பது 2025இல்தான் கண்டறியப்பட்டது. அடுத்தடுத்து, 2014 முதல் 2016வரை பசிபிக் கடலில் நீடித்த வெப்ப அலை, கெல்ப்புக்கு வேண்டிய குளிரையும் சத்தையும் பறித்தது. காவலும் இல்லை, உணவும் இல்லை, முள்ளெலி மட்டும் பெருகியது. சில ஆண்டுகளுக்குள் அவ்வடகரையின் காளைக் கெல்ப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் மறைந்தது. பாசியை உண்டு வாழ்ந்த அபலோன் சிப்பிகள் பட்டினியால் மடிந்தன. தலைமுறைகளாக மக்கள் மூழ்கி எடுத்துவந்த சிவப்பு அபலோன் 2018இல் தடை செய்யப்பட்டது. பின்னர் அத்தடை நீட்டிக்கப்பட்டது.

உண்ண ஒன்றுமில்லாத கரையிலும் ஊதா முள்ளெலி சாவதில்லை. உடலுக்குள் ஏதுமற்ற வெறுங்கூடாகப் பல ஆண்டுகள் உயிர்த்திருந்து, துளிர்க்கும் கெல்ப்பை முளையிலேயே கடித்துவிடுகிறது. மான்டரேயில் நடந்த ஆய்வு மற்றொன்றையும் காட்டியது: சத்தற்ற இவ்வெறுங்கூடுகளை நீர்நாய் தொடுவதில்லை. எஞ்சியுள்ள கெல்ப் திட்டுகளில் கொழுத்திருக்கும் முள்ளெலிகளையே அது தேர்ந்து உண்கிறது. இருக்கும் காட்டை அது காக்கிறது. அழிந்த காட்டை அதனால் மீட்க முடிவதில்லை.

வடக்கே நீர்நாய் பரவாததற்குச் சுறாவும் ஒரு காரணம். நீர்நாயின் வாழிட எல்லைகளில் கெல்ப் மூட்டம் குறைவு. அங்கே வெள்ளைச் சுறாக்கள் நீர்நாயைக் கடல்நாய் எனக் கருதியோ, என்னவென்று அறியவோ ஒருமுறை கடித்துவிட்டுப் போய்விடுகின்றன. கொழுப்பற்ற அவ்வுடலை அவை உண்பதில்லை. கடிபட்ட நீர்நாயோ பிழைப்பதில்லை. கெல்ப் அடர்ந்த இடங்களில் இத்தகைய கடிகள் குறைவு. தூண்டில்காரர் நம்பிக்கையின் பாதி உண்மை என்பது இதுவே. ஆக, கெல்ப் இல்லாததால் நீர்நாய் வடக்கே செல்ல இயலவில்லை. நீர்நாய் செல்லாததால் அங்கே முள்ளெலிக்குத் தடையில்லை. கயாக்கில் இருப்பவரைச் சுறா கடிப்பது அரிதினும் அரிது. ஆனால் அவர் தேடிவரும் மீனின் வீட்டைச் சுறா தொலைவிலிருந்து தொடுகிறது.

மெண்டோசினோ கரையில் நோயோ, ஆல்பியன் ஆகிய சிறு விரிகுடாக்களில் தொழில்முறை மூழ்காளர்களுக்கு ஊதியம் அளித்து முள்ளெலிகளைக் கையால் அகற்றும் பணி நடைபெற்றுள்ளது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பிரைடே ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் சூரியகாந்தி நட்சத்திர மீன்களை முட்டையிலிருந்து வளர்த்து ஆளாக்கும் முயற்சி வெற்றி கண்டுள்ளது. காளைக் கெல்ப் ஆண்டுக்கொரு முறை புதிதாக முளைக்கும் இனம் என்பதால், இளவேனில் தோறும் அங்குள்ள தூண்டில்காரர்கள் பாறைகளுக்கு மேலுள்ள நீர்ப்பரப்பில் அதன் குமிழ்த்தலைகள் எழுகின்றனவா எனத் தேடுகின்றனர். சில குடாக்களில் அவை எழுகின்றன.